ஒன்றையும் தன்னையும் தவிர

அது சொல்லச் சொல்ல நான் கணினியில் தட்டிக்கொண்டே போனேன்.

பட்டப்பகல். குளியலறையில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. குரல் மட்டும் என் நாற்காலிக்குப் பின்னாலிருந்து, அவசரமே இல்லாமல், ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னது.

சில வாரங்களாக இந்தக் குரல். தனியாக இருந்துகொண்டு எந்நேரமும் ஒரு எண்ணைக் கட்டிக்கொண்டு அழுதால் வேறென்ன வரும் என்று திட்டிவிட்டு, அக்கா நாளைக் காலைக்கு மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தாள்.

அவள் சொல்வதும் தப்பில்லை. பத்து வருடமாக ஒரே எண்ணோடுதான் குடித்தனம். முந்நூறு இலக்கம். அது பகா எண் இல்லை என்று சோதனை என்றைக்கோ சொல்லிவிட்டது. அதாவது, ஒன்றையும் தன்னையும் தவிர இன்னொன்று அதற்குள் இருக்கிறது, மீதியில்லாமல் வகுக்கும். எது என்று மட்டும் சோதனை சொல்லாது. வீட்டுக்குள் ஆள் இருந்தால் நாய் குரைக்கும். எந்த அறையில் என்று சொல்லுமா?

அந்தக் காரணியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அதனால்தான் இன்று குரலிடமே கேட்டேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? எனக்குத் தெரியாத எண் என் மண்டையிலிருந்து வராது. அது சொல்வதை வைத்து வகுத்து, மீதி வந்தால் குரல் என் கற்பனை. மாத்திரை போட்டால் போய்விடும்.

மீதி வராவிட்டால் அதற்கு மாத்திரை கிடையாது.

பத்துப் பத்தாகச் சொல்லி மூச்சு வாங்கியது. ஒவ்வொரு தடவையும் நான் அடுத்த வரிக்குப் போனேன். கற்பனைக்கு மூச்சு வாங்குமா என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, விடை தப்பாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

பத்து வரிகள் முடிந்தன. வகுத்தேன்.

மீதி வந்தது. திரை நிறைய மீதி.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பைத்தியம் என்று நிரூபணமானதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அக்காவுக்கு போன் போட்டேன். பின்னால் குரல் மறுபடி ஏதோ ஆரம்பித்தது. இனி அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

"அக்கா, நீ சொன்னதுதான் சரி. எல்லாம் என் மண்டைக்குள்ளதான் இருக்கு. நாளைக்கு நானே வந்துடறேன், டாக்டர்கிட்ட போலாம்."

அக்கா தன் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை நிறுத்துவது கேட்டது.

"வாடி, போலாம். அது சரி, உன் பக்கத்துல யாரு? நாலாவது வரியில ஒரு மூணு விட்டுப்போச்சுன்னு திரும்பத் திரும்பச் சொல்றாங்களே?"

திரையைப் பார்த்தேன். எல்லா வரிகளும் ஒரே நீளம். நாலாவது மட்டும் ஓர் இலக்கம் குறைவாக இருந்தது.