பிறந்ததாகப் பதிவான பிள்ளை

முப்பிடாதியின் பிள்ளை பிறந்து ஆறு நாளாகிவிட்டது என்று சாதித்தது அரசாங்கக் கணினி. கடைசி மாதவிலக்குத் தேதியோடு இருநூற்று எண்பது நாளைக் கூட்டி, அந்த நாள் வந்ததும் அதுவே பிறப்பைப் பதிந்துவிடும். முதல் தடுப்பூசிக்கு ஏன் வரவில்லை என்று இரண்டு முறை மிரட்டியும் பார்த்துவிட்டது. பிள்ளையோ இன்னும் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருந்தது.

இன்று வலி கண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தால், பிரசவ அறையின் கதவு திறக்கவில்லை. "பிரசவம் முடிந்தவர்களுக்கு அனுமதி இல்லை" என்றது.

நர்ஸ் எப்சிபா கையைப் பிசைந்தாள். "பிள்ள பிறந்தாச்சுன்னு ஒரு கைரேகை வச்சிரும்மா. தாய்மார் வார்டு வழியா உள்ள கூட்டிட்டுப் போயிருதேன்."

"பெறாத பிள்ளைக்கு நான் எதுக்கு சிஸ்டர் ரேகை வைக்கணும்?"

வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்கள் அவள் இரு கைகளிலும் நிறைந்திருந்தன. பிள்ளை பிறந்த பிறகுதான் அவற்றைக் கழற்றிப் பிரசவம் பார்த்தவளுக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கம். முப்பிடாதி கதவிலிருந்த கேமராவுக்கு நேரே கைகளை நீட்டிக் குலுக்கினாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"இங்கனயே பெத்துக்கிடுதேன். இது கண்ணால பாக்கட்டும்."

எப்சிபா ஒரு கணம் தயங்கினாள். பின் கையுறையை மாட்டிக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டாள்.

குழந்தை வீறிட்டதும் கதவு பேசியது. "தடுப்பூசி ஆறு நாள் தாமதம்."

முப்பிடாதி வளையல்களைக் கழற்றி எப்சிபாவின் கையில் வைத்தாள்.

"அத வாய மூடச் சொல்லுங்க சிஸ்டர். எம் மவ இப்பத்தான் வந்திருக்கா."