கீழே வேறு பெயர்

படம் அங்கேயேதான் இருந்தது. கீழே இருந்த பெயர்தான் வேறு.

ரோஹிணி கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் போனை மறுபடி பார்த்தாள். கறுப்புத் தரையில் வெள்ளிச் செதில்கள் சிதறிக் கிடக்கும் அதே படம். உரிமையாளர் என்ற இடத்தில் ‘செதில்’ என்று இருக்க வேண்டும். அந்த ஆன்லைன் கேலரியில் அவளுக்கு அதுதான் பெயர். இப்போது அங்கே யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் பெயர்.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அரிவாள்மனைக்கு முன்னால் நாலைந்து பேர் நின்றார்கள்.

“அக்கா, வஞ்சிரத்தைக் கொஞ்சம் மெல்லிசா போடுங்க, ஃப்ரைக்கு,” என்றார் ஹெல்மெட்டைக் கழற்றாத ஒருவர்.

போனை அணைத்து மடியில் வைத்தாள். கை தானாக வெட்டியது.

அந்தக் கேலரியில் யாரும் படத்தை முன்கூட்டி வரைந்து வைப்பதில்லை. புரோகிராம் ஒன்றை எழுதி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நாம் பொத்தானை அமுக்குகிற நொடியில் அது ஒரு படத்தை வரைந்து நம் பெயரில் போடும். டோக்கன் என்பார்கள். என்ன வரும் என்று எழுதியவனுக்கே தெரியாது. வந்தது இன்னொரு முறை வராது.

வயிற்றைக் கீறுகிற வரைக்கும் மீனுக்குள் சினை இருக்கிறதா என்று தெரியாதே, அந்த மாதிரி. அதனால்தான் ரோஹிணிக்கு அது பிடித்துப்போனது. டீச் செலவைக் குறைத்து, மலிவாக வருவதை மட்டும் எடுத்துச் சேர்த்தாள். போகப் போக, செதில் எடுத்தது என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று கேலரியில் பேச ஆரம்பித்தார்கள்.

இன்று சாயங்காலம் அவள் சேர்த்ததை வைத்து அங்கே ஒரு காட்சி. முதல் சுவரில் இந்தப் படம். எந்தெந்த ஊர்க்காரர்களோ வந்து பார்ப்பார்கள். பிறந்ததிலிருந்து அவள் பெயர் எந்தச் சுவரிலும் இருந்ததில்லை. தானே வைத்துக்கொண்ட பெயர் என்றாலும் அது அவள் பெயர்.

அந்த வெளிநாட்டுக்காரன் முன்பே பலமுறை விலைக்குக் கேட்டிருந்தான். அவள் அசையவில்லை.

“படத்த வச்சிகினு இன்னா, கொயம்பா வக்கப் போற? குட்த்துட்டுப் போவியா,” என்று சரிதா கிண்டலடிப்பாள். சரிதா தராசோடு உட்கார்ந்து விற்கிறவள். ரோஹிணி வெட்டுகிறவள். இருவருக்கும் பல வருடமாக ஒரே தார்ப்பாய், ஒரே தூக்குச் சோறு. மத்தியானத்தில் கூட்டம் ஓய்ந்ததும் படம் எடுப்பது எப்படி, கை மாற்றுவது எப்படி என்று ரோஹிணிதான் அவளுக்குக் காட்டிக் கொடுப்பாள்.

அடகுக்குப் போன கம்மல் வராமல், ஆறேழு மாதமாகக் காதில் துடைப்பக்குச்சி செருகிக்கொண்டிருந்தாள் சரிதா. இன்று காலை கம்மலோடு வந்தாள். மாமியார் வீட்டில் கொடுத்தார்களாம். ரோஹிணி அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

வஞ்சிரத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு, நம்பரைத் தட்டிப் போனைத் திறந்து, கேலரியை நடத்தும் எலியேசரைக் கூப்பிட்டாள். அவர் பொத்தேரிக்காரர். கொஞ்ச நேரம் எதையோ பார்த்துவிட்டுச் சொன்னார்:

“வெளிய இருந்து யாரும் உள்ள வரலைங்க. புதன்கிழமை மத்தியானம் உங்க போன்லேர்ந்தே கை மாறியிருக்கு. காசு இதுல வரலை, வெளியில வாங்கியிருக்கணும். நம்பர் போட்டோ, ரேகை வச்சோ, நீங்கதான் ஓகே குடுத்திருக்கீங்க.”

யார் விற்றது, யார் வாங்கியது, எப்போது என்பதெல்லாம் இந்த வியாபாரத்தில் ஊரே பார்க்க எழுதியிருக்கும். யாருடைய விரல் என்று மட்டும் எழுதாது.

புதன்கிழமை மத்தியானம். கேட்டரிங்காரர் ஒருவர் கூடை நிறைய நெத்திலியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார். வெயில் சாயும்வரை அவள் கை தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை. போன் தராசுக்குப் பக்கத்தில், ஐஸ் பெட்டிமேல் கிடந்தது.

நம்பரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. புருஷனிடம்கூட.

அப்படியென்றால் ரேகை.

உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ஐஸும் சாம்பலும் செதிலும் அரித்து அரித்து விரல் நுனிகள் கூழாங்கல் மாதிரி இருந்தன. ரேஷன் கடை மெஷின் அவளை ஆள் என்றே ஒப்புக்கொள்ளாது. போன் வாங்கிய அன்று தாம்பரம் கடைக்காரர் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் தேறாது என்று சிரித்தார்.

அன்று கடைக்கு அவளோடு ஒருத்தி வந்திருந்தாள்.

அடுத்த மீன் அரிவாள்மனையில் பாதியில் நின்றது.

“இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாரி கீது? தண்ணி குடி,” என்றாள் சரிதா. கம்மல் வெயிலில் மின்னியது.

ரோஹிணி போன் திரையை அணைத்தாள். பிறகு சரிதா பக்கம் நீட்டினாள். கை ஈரமாக இருக்கும்போதெல்லாம் நீட்டுகிற மாதிரி.

சரிதா ஒரு கையால் சங்கரா மீனைத் தராசில் அள்ளிப் போட்டுக்கொண்டே, தினமும் செய்வதுபோல், திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுகைக் கட்டைவிரலை வைத்தாள்.

திறந்தது.

படம். கீழே பெயர்.

அப்போதுதான் சரிதா திரும்பிப் பார்த்தாள். தராசு ஆடி ஆடி நின்றது. வைத்த விரலை அவளால் எடுக்க முடியவில்லை.

“உன் வெரல்னா இன்னா நல்லா எடுக்குது பாரு,” என்றாள் ரோஹிணி.