இடது பின் டயர்

2008இல், கலகெதரையில் படிப்பித்துக்கொண்டிருந்த றீற்றாவின் காரில், டயரில் காற்றுக் குறைவு என்று காட்டும் மஞ்சள் விளக்கு பின்னேரங்களில் மட்டும் எரியத் தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டுக் கண்டிக்குத் திரும்பும்போது, சோதனைச் சாவடியைத் தாண்டியதும் எரியும். முந்தின வருடம் அவளுடைய மகன் யூஜினை விசாரணைக்கென்று காரிலிருந்து இறக்கிக் கொண்டுபோனது அந்த இடத்தில்தான். அவன் திரும்பி வரவேயில்லை.

மெக்கானிக் அழகையா நாலு டயரையும் அளந்தார். காற்று சரியாக இருந்தது. சென்சரை மாற்றியும் விளக்கு எரிந்தது. கடைசியில் அவரே ஒருநாள் முன் சீற்றில் ஏறிக் கூட வந்தார். சாவடி தாண்டி விளக்கு எரிந்ததும் இறங்கிப் பார்த்தார். இடது பின் டயர் மட்டும் அமுங்கியிருந்தது.

“காத்து இருக்குங்க டீச்சர். பின்னால ஆளு உக்காந்த மாதிரில்ல அமுங்குது” என்றார். பின் சீற்றில் யாருமில்லை. “லைட் வயர கழட்டிரவா?”

“வேண்டாம். மகன் பின் சீற்றில அந்தப் பக்கம்தான் நித்திரையா வாறவன்.”

வீடு வந்ததும் றீற்றா பின்கதவைத் திறந்து பிடித்தாள்.

“எழும்படா ராசா, வீடு வந்திட்டுது.”

கார் மெதுவாக நிமிர்ந்தது. விளக்கு அணைந்தது. அன்றிரவு அவனுடைய கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டாள். வாசற்கதவைப் பூட்டி, திறப்பைத் தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் பின்னேரம், சாவடியைத் தாண்டியதும் விளக்கு எரிந்தது.

“ஏனடா திரும்ப அங்க போனனி?” என்று கேட்டுக் கேட்டு, கண்டி வரைக்கும் அழுதுகொண்டே ஓட்டினாள்.