கீபோர்டு வாங்க வந்தவன்

மகள் யாழினி இறந்த பிறகு, அவளுடைய கேமிங் கீபோர்டை விற்க அறவாழி இணையத்தில் விளம்பரம் கொடுத்தார். வாங்கி அதிக நாள் ஆகாதது என்று எழுதியிருந்தார். வாங்க வந்த இளைஞன் கூடத்தில் உட்கார்ந்து அதைத் திருப்பிப் பார்த்தான்.

"புதுசாட்டம் இருக்கே சார், ஏன் விக்கிறீங்க?"

"வீட்ல இப்ப யாரும் விளையாடுறதில்ல தம்பி."

அவன் விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டினான். பிறகு இரண்டு கைகளாலும் படபடவென்று அடித்தான். சமையலறையிலிருந்து அறவாழியின் மனைவி குரல் கொடுத்தாள்.

"போதும்டி யாழினி, சாப்பிட வா."

சொன்ன மறுகணமே அங்கே பாத்திரச் சத்தமும் நின்றுபோனது. இளைஞன் ஒன்றும் புரியாமல் கையை எடுத்தான். அறவாழி கீபோர்டை மெல்ல அவன் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் அடிங்க தம்பி."