நாற்பதாவது நோட்டு

முப்பத்தொன்பது ரெக்கார்டு நோட்டுகளில் பல்பு ஜம்மென்று எரிந்திருந்தது. ஒரே ஒரு நோட்டில்தான் எரியவில்லை.

அந்த ஒரு நோட்டை அறிவியல் டீச்சர், செத்த எலியைத் தூக்குவதுபோல் ஓரமாகப் பிடித்துவந்து தலைமையாசிரியரின் மேஜையில் போட்டார். நோட்டுக்குச் சொந்தக்காரியான ஏழாம் வகுப்புப் பெண் சுவரோரம் நின்றாள். பக்கத்தில் அவள் அம்மா. பள்ளியிலிருந்து போன் வந்ததும் தையல் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள்.

"மின்சுற்று சோதனை சார். ஒரு செல், ஒரு சுவிட்ச், ரெண்டு ஒயர், ஒரு பல்பு. சுவிட்சைப் போட்டா எரியணும். அவ்வளவுதான். மகாராணி என்ன எழுதியிருக்காங்கன்னு பாருங்க."

தலைமையாசிரியர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வாசித்தார். "காண்பன: பல்பு எரியவில்லை."

"படத்தையும் பாருங்க சார். பல்பு வரைய வேண்டிய இடத்துல வெறும் வெள்ளைத்தாள். ஒரு வட்டம் போடக்கூட அம்மணிக்குக் கை வலிக்குது."

"நான் பார்த்ததைத்தான் டீச்சர்..." என்று ஆரம்பித்தாள் பெண்.

"பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்றார் தலைமையாசிரியர். பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டும் என்று காலைக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசியவரும் அவரேதான்.

டீச்சர் மற்ற நோட்டுகளைப் பிரித்தார். "இவனைப் பாருங்க சார். 'பல்பு பளிச்சென்று எரிந்தது. எனக்குக் கண் கூசியது.' என்ன கவனம்! இந்தப் பொண்ணு, 'தொட்டுப் பார்த்தேன், சுட்டது'ன்னு எழுதியிருக்கா. இதுதான் சார் விஞ்ஞான மனசு!" அந்த இரண்டு நோட்டுகளிலும் 'மிக நன்று' என்று எழுதி, பக்கத்தில் நட்சத்திரமும் போட்டிருந்தார்.

விஷயம் இவ்வளவுதான் என்றால் பரவாயில்லை. சனிக்கிழமை வகுப்பே பஸ் ஏறி மின் நிலையம் பார்க்கப் போகிறது. செய்முறையில் முழு மார்க் வாங்கியவர்களுக்குத்தான் பஸ்ஸில் இடம். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் இவள். டர்பைன் எப்படிச் சுற்றும் என்று ஒரு மாதமாக வீட்டில் விசிறியைக் காட்டிக் காட்டி அம்மாவின் உயிரை வாங்கியவளும் இவள்தான்.

"அதை அடிச்சிட்டு 'எரிந்தது'ன்னு எழுதட்டும். கூடவே ஒரு மன்னிப்புக் கடிதம். இல்லேன்னா பஸ் கிடையாது" என்றார் டீச்சர்.

அம்மா மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஊர்ல எல்லாருக்கும் எரிஞ்சிருக்கு. உனக்கு மட்டும் என்னடி கேடு? போகணுமா வேணாமா?"

"போகணும்மா."

"அப்ப எழுதித் தொலை!"

பெண் பேனாவை எடுத்தாள். "டீச்சர், அந்தப் பல்பு..."

"பல்பு கிடக்கட்டும். நீ எழுது."

'எரி' வரைக்கும் எழுதினாள். அதற்குமேல் கை நகரவில்லை. கண்ணீர் பொட்டென்று நோட்டில் விழுந்து மையைக் கலைத்தது. "என்னால முடியலம்மா" என்றாள்.

சற்றுமுன் உலுக்கிய கையாலேயே மகளின் கண்ணைத் துடைத்துவிட்டு, அம்மா தலைமையாசிரியரிடம் திரும்பினாள்.

"சார், நான் கம்பெனியில செக்கிங் பாக்குறேன். ஒரு சட்டையைத் தப்புன்னு திருப்பி அனுப்பினா, எங்கே தப்புன்னு தைச்சவங்க கையில காட்டணும். அதான் எங்க சட்டம். இவளுக்கும் ஒரே ஒரு தடவை செஞ்சு காட்டிடுங்க. எரிஞ்சிடுச்சுன்னா அவளே எழுதுவா. அப்பவும் எழுதலேன்னா பஸ்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம், நானே கூட்டிட்டுப் போயிடறேன்."

டீச்சருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு அவசரம் வந்ததோ. "இப்ப எதுக்கு சார் அதெல்லாம்? அடுத்த பீரியட் எனக்கு கிளாஸ் இருக்கு. உங்களுக்கும் மீட்டிங்..."

"இருக்கட்டும் டீச்சர்." தலைமையாசிரியருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஒரு பெற்றோர் முன்னால் பள்ளியின் பெருமையைக் காட்ட இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? "நம்ம ஸ்கூல்ல எல்லாமே செய்முறைதாம்மா. வாயால சொல்றதோட விட மாட்டோம்." மணியை அடித்து லேப் அட்டெண்டரைக் கூப்பிட்டார். "அந்த மின்சுற்று செட்டைக் கொண்டு வாய்யா!"

அட்டெண்டர் ஒரு தட்டில் செல், சுவிட்ச், இரண்டு ஒயர் எல்லாவற்றையும் கொண்டுவந்து பணிவாக வைத்தார். தலைமையாசிரியர் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, தானே ஒயரைச் செல்லில் மாட்டினார். டீச்சர் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்பு எங்கேய்யா?" என்று கையை நீட்டினார் தலைமையாசிரியர்.

அட்டெண்டர் டீச்சரைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"நம்மகிட்ட பல்பு எப்ப சார் இருந்துச்சு?"