பச்சைக் காரின் பொட்டு

அன்று இருந்தவர்கள் நான், என் மனைவி தெய்வானை, சம்பந்தி வேலுச்சாமி. வேறு யாரும் இல்லை. அப்பா ஓட்டிய பச்சைக் காரை உள்ளங்கை அளவில் செய்து முடித்திருந்தேன். பெயிண்டை மெல்லிசாகப் பூச வேண்டும். ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. கடைசிப் பூச்சு காய்வதற்குள் தெய்வானை, "புது வண்டிக்குப் பூஜை போடாம எப்படிங்க?" என்று பானெட்டில் குங்குமம் வைத்தாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

"கார் இருந்துச்சுன்னு சொல்வீங்களே, இதுதானா சம்பந்தி?" என்று சிரித்துக்கொண்டே குனிந்த வேலுச்சாமி, பொட்டைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "எங்கப்பா கல்யாண போட்டோவுல நிக்கிற வண்டியில்ல இது? பொட்டுகூட அதே இடம்."

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, சக்கரத்தின் அடியில் அவரே காய் வைத்து வண்டியை ஏற்றினார். எலுமிச்சம்பழம் வைத்ததாக ஊரில் பேசுகிறார்கள். தவறு. வைத்தது சுண்டைக்காய்.