கம்பி அறுந்த மணி

அப்பா இறந்ததும் விழுந்த வாரிசு வரியைக் கட்ட, வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்த எங்கள் ஆஷ்கோம்ப் குடும்பத்து வீட்டை விற்க வேண்டியதாயிற்று. மூன்று தலைமுறை மந்திரிகள் வாழ்ந்த வீடு. சாவியை ஒப்படைக்கும் நாளன்று நானும் அக்கா வினிஃப்ரெடும் காலியான சாப்பாட்டு அறையில், தரையில் உட்கார்ந்து ஃபிளாஸ்க் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தோம். வெளியே மழை.

கதவுக்கு மேலே பாராளுமன்ற மணி அப்படியே இருந்தது. சபையில் ஓட்டெடுப்பு என்றால் அது இங்கேயும் அடிக்கும். அப்பா சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு ஓட்டுப் போட ஓடுவார். "அரசாங்கம் பிழைச்சுக்கும், இந்த மனுஷன் வயிறுதான் பிழைக்காது" என்பாள் அம்மா. அப்பாவை அடக்கம் செய்த வாரமே ஆள் வந்து மணியின் கம்பியை அறுத்துவிட்டுப் போனான்.

அந்த மணி அடித்தது.

"சும்மா இருடா ஹியூகோ," என்றாள் அக்கா.

"நான் இல்லக்கா."

மாடிப்படியில் யாரோ தடதடவென்று இறங்கினார்கள். வாசல் கதவு திறந்து, அறைந்து சாத்திக்கொண்டது. அக்கா என் குடையைப் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

தொப்பலாக நனைந்து திரும்பி வந்தாள். கையில் எதுவும் இல்லை. முகம் மட்டும் பத்து வயதுப் பெண்ணின் முகம்போல் இருந்தது.

"குடை எங்கக்கா?"

"வேணாம், நேரமாச்சுன்னுதான் சொன்னாரு. நாந்தான் கையில திணிச்சேன். உனக்கு வேற வாங்கித் தரேன்டா."